இருநூற்றுப் பதினைந்தாவது கோப்பு

கணினியில் நிரல் எழுதுகிறவர்கள் எடிட்டர் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். இல்லாத ஒரு கோப்பின் பெயரை அதில் தட்டித் திறக்கச் சொன்னால் அது மறுக்காது. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அடியில் ‘புதிய கோப்பு’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் காட்டும். அந்த இரண்டு சொல்லின் மேல் எனக்குப் பதின்மூன்று வருடமாகக் கோபம். நேற்றுவரை இருந்து இன்று காலை நீக்கப்பட்ட கோப்பானாலும், இதுவரை யாருமே எழுதாத கோப்பானாலும் அதற்கு ஒன்றுதான். என்னைக் கேட்டால், முதல்வகைக் கோப்பின் பெயரைத் தட்டும்போது எடிட்டர் நின்று பேச வேண்டும். ‘இந்தப் பெயரில் ஒன்று இருந்தது, இன்ன தேதியில் இன்னார் நீக்கினார், பார்க்கிறீர்களா’ என்று கேட்க வேண்டும். கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் ஒன்பது வருடம் வேறு மாதிரி போயிருக்கும். கோபம் எடிட்டரின் மேல் மட்டும்தானா என்று என் மனைவி கேட்பாள். அதற்கும் பதில் எழுத வேண்டும்.

மராத்தி பேசும் ஊரான கட்கியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மாடிப்படி எத்தனை, எதிர்வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மணி அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 1992இல் கசார்வாடிப் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளியையும் என்னையும் சேர்த்துப் பதினாறு பேர். அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் இருக்கும் பிரஸ், லேத் போன்ற இயந்திரங்களை ஓட்டும் நிரல்களை அங்கே எழுதினார்கள். எனக்கு நிரல் எழுத வராது. என் வேலை, எழுதியவற்றைக் காப்பது.

எல்லாக் கோப்புகளும் ஒரே கணினியில் இருந்தன. அதைக் கிடங்கு என்போம். ஒவ்வொரு கோப்பையும் யார், எந்த நாளில், எப்படி மாற்றினார்கள் என்பதையெல்லாம் மறக்காமல் வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. கோப்பை நீக்கினாலும் அது உண்மையில் அழிக்காது. பழைய சாமான்களைப் போட்டுவைக்கும் இடம் என்று பொருள்படும் பெயரில் ஓர் உள்ளறை வைத்திருந்தது, அங்கே தள்ளிவிடும். சரித்திரம் முழுவதும் அங்கே இருக்கும். பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுக்கும். ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது எடிட்டரைத்தான். எடிட்டர் காட்டும் பட்டியலில் இருப்பவை மட்டும் இருக்கும். போனவை போனதாகக்கூடத் தெரியாது.

கணினி இவ்வளவு செய்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொழிற்சாலைப் பழக்கம். நீண்ட பதிவேடு ஒன்று போட்டேன். யாராவது புதிதாகக் கோப்புச் சேர்த்தால் ஒரு பச்சைச் சீட்டு எழுதி என் மேஜைப் பெட்டியில் போட வேண்டும். நான் அதை எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். மாதக் கடைசி நாளில் கிடங்கில் உள்ள கோப்புகளையும் பதிவேட்டையும் எண்ணிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றானால்தான் கையெழுத்து. மூன்றே முக்கால் வருடத்தில் ஒரு மாதம்கூட வித்தியாசம் வந்ததில்லை. முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பதிவேட்டைக் காட்டுவார். அவர் மராத்திக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர், என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமை இருந்தது.

எங்கள் பதினாறு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் ஒரு பெண்ணும். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் அப்பா என்னுடைய தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்தவர், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், வீடு கட்கியை ஒட்டிய போபோடியில். அவர்தான் மகளுக்கு இங்கே இடம் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டார். நான் முதலாளியிடம் சொன்னேன். அவள் போபோடியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவாள், நடுவில் இந்தி வந்து விழும், எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரியும். வேலையில் தடுமாற்றம் கிடையாது.

கசார்வாடியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்கள் ஐந்து இருந்தன. ஐந்தும் எங்கள் நிரலில் ஓடின. தொழிலாளி தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பிரஸ் ஒன்றரை நொடி காத்திருந்து கீழே இறங்கும். ஐந்தாவது பிரஸ் பழையது, தகட்டை உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டிய அமைப்பு. அதில் வேலை பார்த்த லாத்தூர்ப் பையன் ஒருவன், ஒன்றரை நொடி தனக்குப் போதவில்லை, தினமும் பயந்துகொண்டு வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னான். 1996 மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அது. அவள் அங்கேயே உட்கார்ந்து ஒரு சிறு கோப்பு எழுதினாள். ஐந்து பிரஸ்ஸுக்கும் ஐந்து வரி, வரிக்கு ஓர் எண். நான்கு பிரஸ்ஸுக்கு ஒன்றரை, பழையதற்கு நான்கு. நிரல் தொடங்கும்போது இந்தப் பட்டியல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதன்படி காத்திருக்கும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒன்றரை.

பட்டறையில் போட்டுவிட்டு, மாலையில் அலுவலகம் திரும்பி, கிடங்கிலும் சேர்த்துவிட்டுப் போனாள். பச்சைச் சீட்டு எழுதவில்லை. சனிக்கிழமை மாலை, என் மேஜை பூட்டியிருந்தது. மறுநாளே அவள் அப்பாவோடு வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஆறு நாள் விடுப்பு.

அந்த ஆறு நாளில் மாதக் கடைசி வந்தது. பதிவேட்டில் இருநூற்றுப் பதினான்கு. கிடங்கில் இருநூற்றுப் பதினைந்து. நான்கு முறை எண்ணினேன். மின்விசிறி வேறு நின்றுபோய் வியர்த்துக் கொட்டியது. மிகையாக இருந்த கோப்பைக் கண்டுபிடித்தேன். ஐந்தே வரி. யாரோ சோதனைக்குப் போட்டு மறந்தது என்று நினைத்தேன். சேர்த்தவர் யார் என்று கணினியிடம் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. கேட்கவில்லை. சீட்டு இல்லாத கோப்பு என் கணக்கில் கோப்பே அல்ல. நீக்கினேன். நீக்கும்போது காரணம் எழுதச் சொல்லி அந்த மென்பொருள் கேட்கும். ‘பதிவேட்டில் இல்லாதது’ என்று எழுதினேன். இரண்டும் இருநூற்றுப் பதினான்கு ஆயின. கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து நிரலின் அடுத்த பதிப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பழையதை அடியோடு துடைத்துவிட்டு, கிடங்கிலிருந்து எடுத்த இருநூற்றுப் பதினான்கையும் ஏற்றினார்கள். அதற்குள் அந்தப் பையனின் கைகள் நான்கு நொடிக்குப் பழகியிருந்தன. புதிய பதிப்பு ஓடிய முதல் நாள், பதினொரு மணிக்கு முன்னால், வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மறுநாள் முதலாளியின் அறையில் ஆறு பேர் நின்றோம். அவர் கத்துகிறவர் அல்ல. மெதுவாகத்தான் கேட்டார். அவள், நான்கு நொடி என்று பட்டியல் எழுதியிருக்கிறேன், கிடங்கிலும் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னாள். திறந்து காட்டு என்றார். அவள் அவருடைய கணினியில் எடிட்டரைத் திறந்து பெயரைத் தட்டினாள். வெற்றுப் பக்கம். அடியில் ‘புதிய கோப்பு’. பெயரைத் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அதே பக்கம். முதலாளி அந்த இரண்டு சொல்லின் மேல் பேனா முனையை வைத்தார். “புதிய கோப்பு என்று அதுவே சொல்கிறதே” என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“காகா, ரெஜிஸ்டர் காய் ம்ஹணதே?”

பதிவேடு என்ன சொல்கிறது என்று கேட்கிறார். நான் பதிவேட்டைப் பிரித்து அந்த மாதம் முழுவதும் விரலை ஓட்டினேன். இல்லை என்றேன். அது உண்மை. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதும் உண்மை. எனக்கு எண்கள்தான் நிற்கும், பெயர்கள் நிற்பதில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில், என்னிடம் மட்டும், “நான் சேர்த்தேன்னுதான் அங்கிள் ஞாபகம்” என்றாள். சற்று நேரம் கழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில், ஒருவேளை சேர்க்க மறந்திருப்பேன் என்றாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் இருநூற்றுப் பதினைந்து என்ற எண் வந்து நின்றது. டப்பாவை மூடிவிட்டுக் கிடங்குக் கணினிக்குப் போனேன். அந்த உள்ளறையை நேராகத் திறந்து பார்க்கிற அனுமதி என் ஒருவனுக்குத்தான் இருந்தது. பெயரைச் சொல்லிக் கேட்டேன். உடனே கொடுத்தது. சேர்த்தது அவள், சனிக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடம். நீக்கியது நான். காரணம், பதிவேட்டில் இல்லாதது. அதைத் தாளில் அச்செடுத்தேன். நான்காய் மடித்தேன்.

அன்று மாலையே முதலாளியிடம் கொடுப்பதாக இருந்தேன். அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் பட்டறைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று தோன்றியது. மூன்றாம் நாளிலிருந்து காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால், அதுவும்தான். அதைவிட, அந்தப் பதிவேட்டில் பிழை என்று யாரும் சொல்லிக் கேட்க என்னால் முடியாது என்று இருந்தது. முதலாளி எல்லா இயந்திரத்துக்கும் ஐந்து நொடி என்று மாற்றச் சொல்லிவிட்டார். இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். போகும்போது என் மேஜைப் பெட்டியில் ஒரு பச்சைச் சீட்டைப் போட்டுவிட்டுப் போனாள். அந்தக் கோப்பின் பெயரும் சனிக்கிழமைத் தேதியும் எழுதி, அடியில் ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று இருந்தது.

அந்த வாரத்திலேயே அவள் அப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் பெயரில் குற்றப் பத்திரிகை வருமானால் அதில் வழக்கமாக வரும் இந்திச் சொல் ஒன்று உண்டு. லாபர்வாஹி, கவனக்குறைவு. வெடிமருந்துப் பக்கம் வேலை பார்த்த மனிதருக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. முப்பது வருடத்தில் தன் பெயருக்கு எதிரே அது ஒரு தரம்கூட எழுதப்பட்டதில்லை என்பார்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. எம்பொண்ணு லாபர்வாஹியா?”

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. “பதிவேட்டில் இல்லை” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் ஒரு நிமிடம் நின்று, “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பதினெட்டுப் படி.

கம்பெனி 1999இல் மூடிவிட்டது. பதிவேடுகளை யாரும் கேட்கவில்லை. ஏழையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாள் நான்காவது பதிவேட்டின் அட்டைக்குள் இருந்தது.

2005இல் மகன் வீட்டில் இணையம் வைத்துக் கொடுத்தான். அவன் மென்பொருள் வேலையில் இருக்கிறான்; அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று செய்தான். எடிட்டர்களைச் செய்கிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கடிதம் எழுதிக்கொள்ளும் குழு ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும் அதில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். எடிட்டர் காட்டும் பட்டியலில் நீக்கப்பட்ட கோப்புகளும் மங்கலான எழுத்தில் தெரிய வேண்டும், வேண்டாதவர்கள் மறைத்துக்கொள்ளட்டும். நீக்கப்பட்ட பெயரைத் தட்டினால் வெற்றுப் பக்கத்துக்கு முன்னால் அதன் கடைசி வரலாற்றைச் சொல்ல வேண்டும். நீக்கியவர் எழுதிய காரணத்தையும் காட்ட வேண்டும். ஏழு பேர் பதில் எழுதினார்கள். வரலாறு வைப்பது வேறு மென்பொருளின் வேலை, எடிட்டரின் வேலை அல்ல என்று நால்வர். வேகம் குறையும் என்று இருவர். ஏழாமவர் மட்டும் மரியாதையாக, இது இல்லாததால் உங்களுக்கு உண்மையில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல முடியுமா, யோசிக்க உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

மூன்று வரி எழுதினேன். அழித்தேன். நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் நான்காவது பதிவேட்டை எடுத்தேன்.

போபோடியில் அதே வீடுதான். நான் சந்தில் திரும்பியபோது அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். நாலடி நடந்தாள். திரும்பி வந்து இழுத்தாள். மறுபடி நடந்து, மறுபடி வந்தாள். நான்கு முறை. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே, “பாஸ் க, போதும், பூட்டுக்கே வலிக்கப் போவுது” என்று பாதி மராத்தியில் கேலி செய்தாள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பியவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் பால் வாங்கப் போனதை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். முன்தலை நரைத்திருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருவதாகச் சொன்னாள்.

சுவரில் அவள் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் ஆச்சு அங்கிள் என்றாள்.

தாளைக் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். மூன்றே வரி, ஆனால் வெகுநேரம் படித்தாள். சனிக்கிழமை, ஆறு பத்து என்று விரலை வைத்து வாய்விட்டுச் சொன்னாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சேர்த்தேன்.”

“சேர்த்தம்மா.”

“இல்ல அங்கிள், உங்களுக்குப் புரியல. நான் சேர்த்தேன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பஸ் போயிடும்னு அவசர அவசரமா... எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அந்த ஸ்க்ரீன் பாத்ததும் அது எல்லாம் ஜூட்டு, பொய்யின்னு ஆயிடுச்சு. நானே கற்பனை பண்ணிக்கிட்டேன்னு. அப்புறம் எதைப் பண்ணாலும் பண்ணேனா இல்லையான்னு.” கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். “கேஸ், பூட்டு, பசங்க பரீட்சை மார்க்கு. எல்லாம்.”

முதலாளி நம்பாமல் போனார், அவளுக்கு வேலை போனது என்றுதான் ஒன்பது வருடமும் நினைத்திருந்தேன். அந்த வெற்றுப் பக்கத்தை அவளே நம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“எப்போ பாத்தீங்க இதை?” என்று கேட்டாள்.

“அன்னைக்கே. மத்தியானம்.”

தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்பா உங்களிடம் வந்தாரா என்று கேட்டாள். வந்தார் என்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

“அதுக்கப்புறம் அவர் எங்கிட்ட அதைப் பத்திக் கேக்கவே இல்ல. கோவமே படல. அதான் கஷ்டமா இருந்துச்சு.”

மன்னித்துவிடு என்று நான் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, வேறொன்று சொன்னாள். அந்த லாத்தூர்ப் பையனைப் பார்க்க ஒவ்வொரு தீபாவளிக்கும் கசார்வாடிக்குப் போகிறாளாம். முறுக்கும் லட்டும் எடுத்துக்கொண்டு. தன் தப்புதான் என்று முதல் வருடமே அவனிடம் சொல்லியிருக்கிறாள். “ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க” என்றாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் லோக்கல் ரயிலில் போனோம். இரண்டாவது ஸ்டேஷன்தான், ஆனாலும் வழி நீளமாக இருந்தது. அவன் இப்போது பட்டறை வாசலில் சாமான் வந்துபோவதைக் குறித்துக்கொள்கிறவன். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். இடது கையால் எழுதப் பழகியிருந்தான். அவன் நீட்டிய ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே இந்தியில் எல்லாம் சொன்னேன். எண்ணியது, நீக்கியது, பார்த்தது, மறைத்தது. முடித்ததும் அவன் தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டான்.

“தோ அப் ஆப் நஹீ ஆயேங்கி, தீதி?”

அப்படியானால் இனிமேல் வரமாட்டீர்களா அக்கா என்கிறான். வருவேன் என்றாள். அவன் டீ சொல்லி, மூன்று கிளாஸையும் தானே வலது கையில் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்று விரலில் மூன்று கிளாஸ். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன்.

குழுவுக்கு எழுதினேன். யார் பெயரும் போடாமல், கோப்பு என்ன, நீக்கியவர் யார், எடிட்டர் என்ன காட்டியது என்று முழுவதும் எழுதினேன். கேட்டவர் நன்றி சொன்னார், தேவைகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்னும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. போன மாதமும் போய்ப் பார்த்தேன்.

அவள் வீட்டுக்கு அதன்பின் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் மட்டும் போகிறேன், கசார்வாடிக்குச் சேர்ந்து போவதற்காக. தாளைச் சட்டம் போட்டு அப்பாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் தினமும் கண்ணில் படுமாம். அது இருந்தால் பூட்டு விஷயம் குறையும் என்று நினைத்திருந்தேன். சென்ற ஞாயிறும் சந்தின் முனையில் நின்று காத்திருந்தேன். இழுத்தாள், நாலடி வந்தாள், திரும்பினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. நான்கு.